சரளை மண்ணில் ஒரு பல்கலைக்கழகம்

நுழையும்முன்

பள்ளிப் படிப்பின் இறுதியில் ‘அடுத்து எங்கே?’ என்னும் வினா ஒவ்வொரு மாணவர் முன்பும் வந்து நிற்கிறது. ஒரு காலத்தில் அவ்வினாவுக்குத் தன் மண்ணிலேயே விடை இல்லாதிருந்த வட்டாரம் செட்டிநாடு. தனியொருவர் அளித்த கொடை அங்கே கல்லூரிகளாக முளைத்தது. பின்னர் அக்கொடை சட்டத்தின் வழியே மக்கள் உடைமையாயிற்று. அந்த மாற்றத்தை விளக்குவது இவ்வுரைநடை.

சாக்கோட்டையிலிருந்து ஒரு வழி

சிவகங்கை மாவட்டத்தில் புதுவயலை அடுத்து அமைந்த பழைய ஊர் சாக்கோட்டை. கும்பகோணத்தின் அருகிலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு, அது வேறு. வீரசேகரரும் உமையாம்பிகையும் கோயில் கொண்ட இவ்வூரின் பெயரையே காரைக்குடியைச் சூழ்ந்த சிற்றூர்கள் பலவற்றை உள்ளடக்கிய ஊராட்சி ஒன்றியமும் தாங்கியிருக்கிறது. ஒரு புறம் வயலும் கண்மாயும். மறுபுறம் சரளைக் கற்கள் இறைந்த செம்மண் மேடு. புதுவயலின் அரிசி ஆலைகள் எழுப்பும் ஓசையைக் கடந்துதான் காரைக்குடிக்குச் செல்ல வேண்டும்.

காலை நேரத்தில் இவ்வழியே காரைக்குடி செல்லும் பேருந்துகளில் சீருடை அணிந்த பள்ளி மாணவரோடு வேறு சிலரும் நின்றுகொண்டு பயணம் செய்வர். முதுகலை வகுப்புக்குச் செல்லும் பெண்கள், கல்வியியல் பட்டம் பயிலும் இளைஞர்கள், முனைவர் பட்ட ஆய்வை நான்காம் ஆண்டாகத் தொடரும் ஒருவர் எனப் பலரும் அவர்களுள் இருப்பர். மாலையில் இவர்கள் வீடு திரும்பி, அடுப்படி வேலையிலும் அறுவடை வேலையிலும் கைகொடுப்பர். இன்று இது யார் கண்ணையும் நிறுத்தாத காட்சி. எண்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்தில் இதனைக் கற்பனை செய்திருந்தால் அது நகைப்புக்கு உரியதாக இருந்திருக்கும்.

எட்டாத தொலைவு

இந்தியாவின் முதல் நவீனப் பல்கலைக்கழகங்களான கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்றும் 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றன. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அவை தொடக்கத்தில் பாடம் நடத்தும் இடங்களாக இல்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இருந்தன. கற்பித்தல் கல்லூரிகளின் பணி. அக்கல்லூரிகளோ பெரும்பாலும் பெருநகரங்களில் இருந்தன. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் வடகோடியில் பிறந்த ஒருவர் பட்டப்படிப்பு பெற விரும்பினால் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டும். விடுதிச் செலவுக்குப் பணம் வேண்டும். உறவினர் வீட்டுத் திண்ணையாவது வேண்டும். இரண்டும் இல்லாதவருக்குப் படிப்பு பள்ளியோடு முடிந்தது. பெண்களைப் பொறுத்தவரை அவ்வினாவே பெரும்பாலான வீடுகளில் எழவில்லை.

இவ்வட்டாரம் வறியதாக இருந்ததுதான் காரணமோ எனின், அன்று. நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் கொண்டுவிற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தனர். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகளைக் கட்டினர். ஆயினும் அவ்வீட்டுப் பிள்ளைகளின் கல்வி பெரும்பாலும் தொழிலை ஒட்டியே அமைந்தது. மனக்கணக்கும் ஐந்தொகையும் கற்ற சிறுவன் கப்பலேறிப் பெட்டியடிப் பையனாகச் சேர்வான், அடுத்தாளாக உயர்வான், பின் மேலாளாவான். அத்தொழிலுக்கு அது போதுமானதாக இருந்தது. 1942இல் சப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்த முதலீடுகள் எட்டாப் பொருளாயின. பலர் நடந்தே தாயகம் திரும்பினர். கடல் கடந்த செல்வத்தை மட்டும் நம்பியிருந்த ஒரு வாழ்க்கை முறை அசைந்தது.

உயர்கல்விக்கு வழங்கும் மனம் இம்மண்ணில் அதற்கு முன்பும் இருந்தது. கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியாரின் பெருங்கொடையால் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. தமிழுக்கும் தமிழிசைக்கும் அது ஆற்றிய தொண்டு அளவிடற்கரியது. எனினும் அது அமைந்த இடம் சிதம்பரம். செட்டிநாட்டின் சிற்றூரிலிருந்து பார்த்தால் அதுவும் தொலைவுதான்.

கோட்டையூர் தந்தவர்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பிறந்தவர் இராம. அழகப்பச் செட்டியார். பெட்டியடியில் தொடங்கும் பாதையை விட்டு விலகிச் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். இலண்டன் சென்று சட்டம் படித்தார். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார் என்பது அவர் இயல்பைக் காட்டும். தாயகம் திரும்பியபின் திருச்சூர் அருகே நூலாலை அமைத்தார். அவ்விடம் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகிறது. காப்பீடு, பங்குச் சந்தை, உணவு விடுதி எனக் கை வைத்த துறைகள் பல. ‘ஜூபிடர் ஏர்வேஸ்’ என்னும் வானூர்தி நிறுவனத்தையும் நடத்தினார்.

ஈட்டிய வேகத்திலேயே வழங்கவும் செய்தார். தொழில்நுட்பக் கல்விக்கெனச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஐந்து இலட்சம் ரூபாய் அளித்தார். கிண்டியில் அவர் பெயர் தாங்கி நிற்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 1944இல் தொடங்கியது அவ்வாறே. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வு வளர ஓர் இலட்சம் ரூபாய் வழங்கினார். ஆங்கில அரசு அளித்த ‘சர்’ பட்டத்தை நாடு விடுதலை பெற்றபின் துறந்தார். இளமையிலேயே பற்றிய நோய் வாழ்நாள் முழுதும் அவரை வருத்தியது. அவசரம் மிகுந்த அவருடைய கொடைக்குப் பின்னால் அந்நோயும் இருந்திருக்கக்கூடும்.

ஆறு வாரத்தில் ஒரு கல்லூரி

1947ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. தலைமை வகித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். உயர்கல்வியை நாடுவோர் பெருகி வருவதையும் கல்லூரிகள் போதாமையையும் எடுத்துரைத்த அவர், கொடையாளர்கள் சிற்றூர்ப் பகுதிகளில் கலைக்கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என வேண்டினார். அக்கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் ஒரு கலைக்கல்லூரி தொடங்கப்போவதாக அறிவித்தார்.

மேடை அறிவிப்புகள் பல மேடையோடு முடிந்துபோவதைத் தமிழகம் அறியும். இது அவ்வாறாகவில்லை. ஆறு வாரங்களுக்குள், ஆகஸ்டு 11ஆம் நாள், காரைக்குடியில் ‘காந்தி மாளிகை’ என்னும் கட்டடத்தில் அழகப்பா கலைக்கல்லூரியின் வகுப்புகள் தொடங்கின. கட்டடம் தற்காலிகமானது, சொந்தக் கட்டடம் எழும் வரை காத்திருக்க அவர் விரும்பவில்லை. நான்கு நாள் கழித்து நாடு விடுதலை பெற்றது. அக்கல்லூரியின் முதல் மாணவர்கள் அடிமை நாட்டில் சேர்ந்து, விடுதலை பெற்ற நாட்டில் முதல் வாரப் பாடத்தைக் கேட்டவர்கள்.

மின்வேதியியல் வந்த கதை

காரைக்குடிக்கு வெளியே பரந்து கிடந்த நிலம் அக்காலத்தில் யாரும் விரும்பாத நிலம். மழை பெய்தால் நீர் தங்காது. ஊருணி வெட்டினால்தான் தேங்கும். நெல்லுக்கு ஒவ்வாத இந்தச் சரளை மேட்டில் எழுந்த நிறுவனங்களுள் மிகவும் வியப்பூட்டுவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம்.

விடுதலைக்குப் பின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் நாடெங்கும் தேசிய ஆய்வகங்களை நிறுவியது. அதன் தலைவர் சாந்தி சுவரூப் பட்நாகர். இயற்பியலுக்குத் தில்லி, வேதியியலுக்குப் புணே எனப் பெருநகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவ்வரிசையில் ஓர் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கேட்பது துணிவான செயல். அழகப்பர் கேட்டதோடு நில்லாமல் 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் முன்வைத்தார். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், அதாவது பொங்கலை ஒட்டி, அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார்.

மின்வேதியியல் என்னும் சொல் கடினமாகத் தோன்றலாம். வேதிமாற்றத்திலிருந்து மின்சாரத்தைப் பெறுவதும், மின்சாரத்தைக் கொண்டு வேதிமாற்றத்தை நிகழ்த்துவதும் அதன் இரு பக்கங்கள். கைப்பேசியின் மின்கலம் முதல் வகையைச் சாரும். பாத்திரத்திற்கு வெள்ளி முலாம் பூசுவதும், உப்புநீரிலிருந்து குளோரின் பிரிப்பதும் இரண்டாம் வகை. இரும்பு துருப்பிடிப்பதும் ஒரு மின்வேதி நிகழ்வே. ஈரமும் உப்பும் பட்ட இரும்பின் ஒரு பகுதி எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது. மற்றொரு பகுதியில் அவ்வெலெக்ட்ரான்களை உயிர்வளி ஏற்கிறது. இரும்பின் மேற்பரப்பே சிறு சிறு மின்கலங்களாக மாறித் தன்னைத்தானே தின்கிறது. உப்புக்காற்று ஓயாது வீசும் பாம்பனில் 1914இல் திறக்கப்பட்ட தொடர்வண்டிப் பாலத்தை நினைத்தால் இவ்வாய்வின் தேவை விளங்கும். உலோக அரிமானத்தைக் கடற்காற்றிலேயே வைத்து ஆராய மண்டபத்தில் இவ்வாய்வகத்திற்கு ஒரு நிலையம் உண்டு.

இவ்வாய்வகம் பல்கலைக்கழகத்தின் உறுப்பன்று. நடுவண் அரசின் கீழ்த் தனித்து இயங்குவது. ஆயினும் இரண்டும் ஒரே மண்ணில், ஒருவருடைய கொடையிலிருந்து எழுந்தவை. ஒரு சிற்றூர்ச் சிறுவன் ஆய்வாளர் ஒருவரைத் தேநீர்க் கடையில் பார்க்கக்கூடிய ஊராகக் காரைக்குடி ஆனதற்கு இவ்வாய்வகமும் ஒரு காரணம். அறிவியலாளர் என்பவர் படத்தில் மட்டும் இருப்பவர் என்னும் எண்ணம் அங்கே சற்று முன்னதாகவே தகர்ந்தது.

கொடையிலிருந்து உடைமைக்கு

கலைக்கல்லூரியைத் தொடர்ந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பல்தொழில்நுட்பப் பயிலகம், உடற்கல்விக் கல்லூரி, மகளிர் கல்வி நிலையம், குழந்தைகளுக்கான பள்ளி என ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்கள் எழுந்தன. 1952இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று அரசுக் கல்லூரியாக விளங்குகிறது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, அழகப்பர் காலமானார். காந்தி மாளிகையில் முதல் வகுப்பு தொடங்கிப் பத்தாண்டுகள்கூட அப்போது முடிந்திருக்கவில்லை.

வள்ளன்மை பெரிது, ஆனால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. கொடுப்பவர் மறைந்தபின் கொடை எவ்வாறு நிலைபெறும்? இடம் யாருக்கு, கட்டணம் எவ்வளவு, எந்தப் பாடம் என்பவற்றை யார் தீர்மானிப்பது? கொடையாக வருவதைப் பெற்றுக்கொள்பவர் நன்றி சொல்லலாம். கணக்குக் கேட்க இயலாது. காரைக்குடியின் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடும், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதனோடும் இணைந்திருந்தன. வினாத்தாளும் பட்டமும் வெளியூரிலிருந்தே வந்தன.

1985ஆம் ஆண்டு இந்நிலை மாறியது. அவ்வாண்டில்தான் பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டு இன்றைய சிவகங்கை மாவட்டம் உருவாயிற்று. அவ்வாண்டு மே மாதத்திலேயே தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் தனிச்சட்டம் ஒன்றால் அழகப்பா பல்கலைக்கழகமும் தோன்றியது. அழகப்பர் தொடங்கிய கல்வியியல், உடற்கல்வி நிறுவனங்கள் அதனுள் அடங்கின. பின்னாளில் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளும் அதனோடு இணைக்கப்பெற்றன.

‘தனிச்சட்டம்’ என்னும் சொல்லை மாணவர்கள் எளிதாகக் கடந்துவிடக்கூடும். அதன் பொருள் ஆழமானது. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர், எல்லை, அதிகாரம், கடமை ஆகிய யாவும் மக்கள் தேர்ந்தெடுத்த அவையால் எழுத்தில் வகுக்கப்படுகின்றன. துணைவேந்தர் விரும்பியவாறு நடத்த இயலாது. ஆட்சிக்குழு முடிவெடுக்க வேண்டும், கல்விக்குழு பாடத்திட்டத்தை ஏற்க வேண்டும். வரவு செலவு தணிக்கைக்கு உட்படும். மாணவர் சேர்க்கையில் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு பின்பற்றப்படும். சாக்கோட்டையைச் சேர்ந்த ஒரு வேளாண் தொழிலாளியின் மகள் அங்கே ஓரிடம் கேட்கும்போது எந்த வள்ளலின் கதவையும் தட்டுவதில்லை. விண்ணப்பத்தையும் மதிப்பெண் சான்றையும் நீட்டுகிறாள். தகுதிப் பட்டியல் ஒட்டப்படுகிறது. பெயர் விடுபட்டால் ‘ஏன்?’ என்று எழுத்தில் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1862இல் இயற்றப்பட்ட மோரில் சட்டம், கல்லூரிகள் நிறுவுவதற்காக மாநிலங்களுக்கு நிலம் வழங்கியது. வேளாண்மையும் பொறியியலும் உழவர், தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்நிலத்தின் பெரும்பகுதி அந்நாட்டுப் பழங்குடிகளிடமிருந்து பெறப்பட்டது என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பக்கம்.

கற்பித்தலும் கண்டறிதலும்

பள்ளியில் அறிவு என்பது நூலில் முடிந்த வடிவில் கிடைக்கிறது. அந்நூலில் உள்ளவற்றை முதன்முதலில் யாரோ ஒருவர் கண்டறிய வேண்டியிருந்தது. கண்டறிபவரே கற்பிக்கவும் வேண்டும், கற்பவரும் கண்டறிதலில் பங்கேற்க வேண்டும் என்னும் கருத்து 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. வில்லெம் வான் ஹம்போல்ட் அதற்கு வித்திட்டார். ஆய்வுப் பல்கலைக்கழகம் என்று இன்று சொல்லப்படுவதன் வேர் அது. 1857இல் இந்தியாவுக்கு வந்தது இவ்வடிவம் அன்று. தேர்வு நடத்தும் வடிவம். அதன் நிழல் இன்னமும் நீங்கவில்லை. தேர்வுக்கு வராத பகுதியைப் படிப்பது வீண் எனக் கருதும் வழக்கம் அதன் எச்சம் எனலாம்.

காரைக்குடியில் ஆய்வு எவ்வாறு நடக்கிறது என்பதற்கு உயிரித்தொழில்நுட்பத் துறையில் மேற்கொள்ளப்படும் ஒருவகை ஆய்வை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பாக்டீரியா தனித்தனியாக மிதந்து திரிபவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. பல சமயங்களில் அவை ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, பிசின் போன்ற பொருளைச் சுரந்து, அதனுள் கூட்டமாக வாழ்கின்றன. காலையில் பல்லின்மேல் உணரப்படும் வழவழப்பும் அத்தகையதே. இதனை உயிரிப்படலம் என்பர். மருத்துவமனையில் நோயாளியின் உடலில் செருகப்படும் குழாய்களில் இப்படலம் படிந்தால் மருந்து எளிதில் உள்ளே செல்லாது. பாக்டீரியா ஒன்றோடொன்று வேதிப்பொருள்களால் ‘பேசி’, போதிய எண்ணிக்கை சேர்ந்ததை உணர்ந்தபின்தான் பல செயல்களைத் தொடங்குகின்றன. அப்பேச்சை இடைமறித்தால் என்ன? கொல்லும் மருந்தை எதிர்த்துப் பாக்டீரியா தகவமைந்துவிடுகிறது. கொல்லாமல் கூட்டத்தை மட்டும் கலைக்கும் பொருளுக்கு அவ்வெதிர்ப்பு குறைவாக எழக்கூடும். அத்தகைய பொருளைக் கடல்வாழ் உயிர்களிலும் தாவரங்களிலும் தேடுகின்றனர்.

கிடைத்த பொருள் உயிருக்குத் தீங்கு செய்யுமா என்பதைச் சோதிக்க ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு ஒன்று பயன்படுகிறது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது அதன் பெயர். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடல். முதிர்ந்த புழுவில் 302 நரம்பணுக்கள். சில வாரமே வாழ்நாள். நோய்க்கிருமியை உண்ட புழு எவ்வளவு நாள் பிழைக்கிறது, ஆய்வுப் பொருளை அளித்தால் எத்தனை நாள் கூடுகிறது என்று எண்ணுவதே வேலை. எண்ணுவது என்றால் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, நாள்தோறும், ஒவ்வொரு தட்டாக. பண்டிகை நாளிலும் புழு காத்திராது. ஆய்வு என்றதும் திடீரெனப் பொறிதட்டும் காட்சியை எண்ணுவோர் இந்த நுண்ணோக்கியின் முன் ஒரு மாதம் அமர்ந்தால் அவ்வெண்ணம் மாறும்.

கடற்கரையில் ஒரு துறை

பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோர ஆய்வுத் துறை காரைக்குடி வளாகத்தில் இல்லை. இராமநாதபுரம் மாவட்டத்தின் தொண்டியில், பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது. கடலை ஆராய்வோர் கடலருகே இருக்க வேண்டும் என்னும் எளிய நியாயம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அடியில் கடற்புல் பரந்து கிடக்கிறது. அப்புல்லை மேய்ந்து வாழ்வது ஆவுளியா எனப்படும் கடற்பசு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. அதன் தெற்கே, அதே கடலில் வலைவீசி வாழும் ஊர்களின் நடுவேதான் இத்துறை இயங்குகிறது. காற்றின் பெயரும் நீரோட்டத்தின் போக்கும் மீன் வரும் பருவமும் அறிந்த பரதவரின் பட்டறிவு ஒரு புறம். நீரின் உவர்ப்பையும் வெப்பத்தையும் அளக்கும் கருவி மறுபுறம். கருவி மட்டும் போதும் எனக் கருதும் ஆய்வாளர் கரையிலிருந்து வெகுதொலைவு செல்ல இயலாது.

ஏடுகள் சென்ற வழி

மனித வாழ்வைப் பற்றிய ஆய்வுக்கும் இம்மண்ணில் பஞ்சமில்லை. காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் பட்டிமண்டபத்தையும் கவியரங்கத்தையும் பொதுமக்கள் திரளும் விழாவாக்கியது. ஆத்தங்குடித் தரை ஓடு, கண்டாங்கிச் சேலை, பனையோலைக் கொட்டான், நகரத்தார் கணக்கேடு என ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்கு உரிய பொருள். இதே மாவட்டத்தின் கீழடி, தொல்லியலை வீட்டுத் திண்ணைப் பேச்சாகவே ஆக்கிவிட்டது.

ஆயினும் ஒரு நிகழ்வை இங்கே குறிப்பிட வேண்டும். அழகப்பர் பிறந்த அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் பெருமகனார் வாழ்ந்தார். பழைய நூல், இதழ், திருமண அழைப்பிதழ், நாடக அறிவிப்பு, திரைப்படப் பாட்டுப் புத்தகம் எனப் பிறர் எறிந்துவிடுவனவற்றையெல்லாம் பொருட்படுத்திச் சேர்த்தார். ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைக் காத்தது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். அது இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாகச் சிறப்புற இயங்குகிறது. தமிழ் அச்சு வரலாற்றை எழுத விரும்பும் எவரும் அங்கே செல்லாமல் இயலாது. நல்லதே நடந்தது. ஆனாலும் கோட்டையூரின் ஒரு வீட்டில் சேர்ந்த தமிழ்ச் செல்வத்தின் அருமையை உணர்த்த மிக்சிகன் ஏரிக்கரையிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. அப்பெருமகனார் சேர்த்தவை போன்ற தாள்கள் செட்டிநாட்டின் பூட்டிய வீடுகளில் இன்னும் எத்தனை பெட்டிகளில் கரையானுக்கு இரையாகின்றனவோ!

மதிப்பீடும் மெய்ந்நிலையும்

தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு 2017இல் அழகப்பா பல்கலைக்கழகத்திற்கு நான்குக்கு 3.64 புள்ளிகள் வழங்கியது. 2018இல் பல்கலைக்கழக மானியக்குழு அதனை முதல் வகைப் பல்கலைக்கழகமாக ஏற்றது. நடுவண் அரசின் உயர்கல்வித் திட்டத்தின்கீழ் நாட்டளவில் தேர்ந்தெடுக்கப்பெற்ற சில பல்கலைக்கழகங்களுள் ஒன்றாக 100 கோடி ரூபாய் ஆய்வு நல்கையும் பெற்றது. இவை பெருமைக்குரியவை. எனினும் ஒரு மாணவர் தமக்குரிய துறையைத் தேர்ந்தெடுக்கப் புள்ளி மட்டும் போதாது. அத்துறையில் யார் கற்பிக்கின்றனர், ஆய்வகத்தில் கருவி இயங்குகிறதா, நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், முன்பு படித்தவர்கள் எங்கே இருக்கின்றனர் என்பவற்றை நேரில் சென்று கேட்டறிவது நல்லது. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. அது பொது நிறுவனம்.

நாள்தோறும் வர இயலாதவர்க்கெனத் தொலைநிலைக் கல்வியும் நடக்கிறது. பணியில் இருப்போரும் திருமணத்தால் படிப்பை நிறுத்திய பெண்களும் அவ்வழியே பட்டம் பெற்றுள்ளனர்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவருக்கு இடம் கிடைப்பது பாதி வழிதான். தமிழ்வழியில் படித்து வந்தவர் முதுகலை அறிவியலில் ஆங்கில நூல்களின் முன் முதல் அரையாண்டு முழுதும் தடுமாறுகிறார். ஆய்வு முடிய ஐந்து ஆண்டுகள் ஆகும் என்றால், அதுவரை சம்பளம் என்ன என்று வீட்டில் கேட்கின்றனர். உதவித்தொகை தாமதமானால் அக்கேள்விக்கு விடை இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் ஊருக்குப் பேருந்து இல்லையென்றால் ஒரு பெண்ணின் ஆய்வு நேரம் மாலை ஐந்தரைக்கு முடிந்துவிடுகிறது; நுண்ணோக்கியின் கீழுள்ள புழுவுக்கு அது தெரியாது. பொது நிறுவனம் பொதுப்பணத்தில் வாழ்வது. நல்கை குறைந்து ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் நீடிக்குமானால், சட்டம் தந்த உரிமை தாளில் இருக்கும், வகுப்பறையில் இராது. 1947இல் ஒருவர் எழுந்து நின்று அறிவித்தார். இன்று அவ்வாறு அறிவிக்க வேண்டிய இடம் சட்டமன்றத்தின் நிதிநிலை அறிக்கை.

பொது வாய்மொழித் தேர்வு

முனைவர் பட்டத்திற்கான ஆய்வேடு பிற பல்கலைக்கழகப் பேராசிரியர்களால் மதிப்பிடப்பட்டபின், இறுதியாகப் பொது வாய்மொழித் தேர்வு நடைபெறும். ஆய்வாளர் தம் கண்டறிதலை அவையின்முன் விளக்க வேண்டும், புறத்தேர்வாளர் வினவுவார், அவையில் உள்ள எவரும் வினவலாம். காலையிலேயே ஆய்வாளரின் குடும்பத்தார் ஊரிலிருந்து வந்துவிடுவர். வெள்ளை வேட்டியும் புதுச்சேலையுமாகப் பின்வரிசையில் அமர்வர். திரையில் ஓடும் வரைபடங்களும் ஆங்கிலச் சொற்களும் அவர்களுக்கு முழுமையாக விளங்காமல் போகலாம். வினாவுக்கு ஆய்வாளர் விடை சொல்லத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் சற்று முன்னே சாய்வதைக் காணலாம். தேர்வாளர் ‘பரிந்துரைக்கிறேன்’ என்று சொன்னதும் எல்லாரும் கைதட்டுவர், அவர்களும் கைதட்டுவர். பிறகு இனிப்பும் காரமும் தேநீரும் வரும்.

இத்தேர்வின் நாள், நேரம், இடம் ஆகியவை முன்னதாகவே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் அதனைப் பார்த்து உள்ளே சென்று அமர்ந்தாலும், யார் அழைத்தது என்று அங்கே எவரும் கேட்பதில்லை.